மூன்று கிலோ அறுநூறு

மூன்று கிலோ அறுநூறு கிராம் எடையுள்ள ஒரு மடிநாயைத் தரையிலிருந்து தூக்க ஏழு ஆட்களும், இரண்டு டன் இழுக்கும் ஒரு செயின் கப்பியும் முயன்று தோற்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. நாய் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. கப்பியின் கொக்கி நிமிர்ந்து நேராகிவிட்டது. ஆட்களில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடி லிஃப்டுக்கு முன்னால் பதித்திருந்த கருங்கல் தரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருபத்தாறு பேர், இருபத்தாறு பேரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். அவர்களுக்காக இங்கே எதையும் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

நாயின் பெயர் சீமாட்டி. இனம் பெக்கினீஸ். அப்பளம்போல் தட்டையான முகம், முகத்தின் பாதியை எடுத்துக்கொண்ட இரண்டு கண்கள், வளைந்த முன்னங்கால்கள், நடந்தால் தரையில் புரளும் பழுப்பு முடி. அந்த இனத்தை எப்படி வளர்ப்பது என்று ஒரு சின்னப் புத்தகமும் கூடவே வந்தது. "பார்வைக்குச் சிறியது, ஆனால் தூக்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். தன்மானம் மிகுந்தது. கட்டளைக்கு எளிதில் இணங்காது. வெயில் ஆகாது" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். எழுதியவர் எதையும் மறைக்கவில்லை, வாங்கியவர்கள்தான் படிக்கவில்லை. முதலில் வாங்கிய வீட்டில், முடி சீவ ஆளில்லை என்று இரண்டு வருடத்தில் ஒரு கூடையில் வைத்துக் கைமாற்றிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில், குறட்டை தாங்கவில்லை என்று ஆறு மாதமாக முனகிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த பெரியவரின் பல்செட்டைச் சீமாட்டி கடித்து இரண்டாக்கிய அன்று அவர்களுக்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

உடைந்த பல்செட் சரிசெய்ய வந்த இடத்தில்தான் நாய் கைமாறியது. சரிசெய்தவள் நாற்பத்தொரு வயதுப் பெண். ஒரு பல் மருத்துவமனைக்குப் பின்பக்கம் இருந்த லேபில் பதினெட்டு வருடமாக மெழுகில் ஈறு செதுக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு, முன்பின் பார்த்திராத மனிதர்களுக்குச் சிரிப்பு செய்துகொடுத்துக்கொண்டிருந்தாள். குடியிருக்கும் கட்டடத்தில் அவளை எல்லோரும் பல்செட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவர் கூடையைக் காட்டி, "யாராவது தூக்கிட்டுப் போனா புண்ணியமாப் போகும்" என்றார். அவள் ஒரு கையால் தூக்கினாள். நாய் லேசாகத்தான் இருந்தது. மெழுகு வாசம் அடித்த அந்தக் கையை முகர்ந்துவிட்டு, தன் தட்டை முகத்தை அவள் முழங்கை மடிப்பில் வைத்துக் குறட்டை விட ஆரம்பித்தது.

பல்செட்டக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் திரும்பி வந்தவள். வீடு, அம்மா அவளுக்கும் அண்ணனுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போனது. வந்தபோது காற்றோட்டமான முன்னறை அவளுடையதாக இருந்தது. அண்ணனின் பையன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது, அவன் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று அவளை நடு அறைக்கு மாற்றினார்கள். பெண் பிறந்தபோது அதுவும் போய், மேற்குப் பார்த்த பால்கனிக்குக் கண்ணாடி அடைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் கட்டிலின் ஒரு முனையைப் பிடிப்பார், மறுமுனையை அவளே பிடிப்பாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, நீ ஒரு ஆள்தானே" என்பார் அண்ணன். அவளும் பண்ணிக்கொள்வாள். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவளை "நீ அடுத்த பந்தியில சாப்பிடேன்" என்று எழுப்பிவிடுவார்கள், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளைத் தள்ளி உட்காரச் சொல்வார்கள். அவள் எடை ஐம்பத்துநான்கு கிலோ. ஆனால் ஒரு விரலை நீட்டினால் போதும், நகர்ந்துவிடுவாள். இதைச் சொல்லும்போது எனக்கே கோபமாக வருகிறது, அவளுக்கு ஏன் வரவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

சீமாட்டி வந்த பிறகு அவளுடைய காலைகள் மாறின. முதல் வேலை மூக்குக்கு மேலே இருக்கும் மடிப்பை ஈரப் பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பது. ஈரம் நின்றால் மடிப்பு புண்ணாகிவிடும். அடுத்து கண். இந்த இனத்துக்குக் கண் முன்துருத்தி இருப்பதால் ஒரு தூசி போதும், ஒரு நாளில் வெள்ளை படர்ந்துவிடும். பிறகு முடி. மேலாகச் சீவினால் ஏமாற்றுவேலை, தண்ணீர் தெளித்து, வகிடு வகிடாகப் பிரித்து, அடிமுடி வரைக்கும் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கடைசியில் பல். பல் விஷயத்தில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நெரிசலான அந்தச் சின்னத் தாடையில் ஒரு பல்லைக்கூட அவள் இழக்கவிடவில்லை. கழுத்துப்பட்டை போட்டால் மூச்சு திணறும் என்று மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை தைத்தாள். ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டால் எடை ஏறி முதுகெலும்பு போய்விடும் என்று அளந்து போட்டாள். அண்ணன் பிள்ளைகள் பிஸ்கட் நீட்டினால், அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதற்கு மட்டும்தான்.

சீமாட்டியின் கனம் முதன்முதலாகத் தெரியவந்தது கால்நடை மருத்துவரிடம். அவர் நாயை மேசைமேல் வைக்கக் குனிந்தார், தூக்க முடியவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டார், இரண்டு பேராலும் முடியவில்லை. சீமாட்டி அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. மருத்துவர் விவரமானவர். விசாரணை எதுவும் செய்யாமல் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து இதயத்துடிப்பைக் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த வாரமே தரையில் விரிக்க ஒரு பாய் வாங்கி வைத்துக்கொண்டார். முடி வெட்டுபவரும் அப்படியே உட்கார்ந்து வெட்டப் பழகினார். பல்செட்டக்கா தூக்கினால் மட்டும் சீமாட்டி எப்போதும் மூன்று கிலோ அறுநூறுதான்.

சிக்கல் வெயிலால் வந்தது. மேற்குப் பார்த்த கண்ணாடிப் பால்கனி மதியம் இரண்டு மணிக்கு அடுப்பாகிவிடும். தட்டை மூக்கு நாய்க்கு அந்தச் சூடு உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குள் முடி கொட்டுகிறது என்று அண்ணி மற்ற அறைகளின் கதவைச் சாத்திவைத்தாள். எனவே சீமாட்டி வாசலைத் தாண்டிப் போய், லிஃப்டுக்கு முன்னால் குளுகுளுவென்று கிடந்த கருங்கல் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்து வருடம் இது யாருக்கும் உறுத்தவில்லை. எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் ஏழு பேர் உட்காரும் சோபா வாங்கிய நாளில்தான் உறுத்தியது. சோபாவை இறக்கிய நான்கு ஆட்கள் நாயைக் காலால் தள்ளிப் பார்த்தார்கள், கையால் தள்ளிப் பார்த்தார்கள், பிறகு சோபாவாலேயே தள்ளிப் பார்த்தார்கள். சோபாவின் கால் உடைந்தது. பல்செட்டக்கா லேபிலிருந்து வரும்வரை அந்தச் சோபா படிக்கட்டில் தலைகீழாக நின்றது, இரண்டாம் மாடிக்காரர்கள் அதற்கு அடியில் புகுந்து வீட்டுக்குப் போனார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனார். செயலாளர் ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர். முப்பத்தொரு வருடம் கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, முத்திரை குத்தி, படிக்கல்லில் ஓட்டை போட்டவர்களைக் கூண்டில் ஏற்றியவர். உலகத்தில் எந்தத் தகராறும் தராசில் வைத்தால் தீர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. சங்கத்தின் விதிப் புத்தகத்தையும் அவர்தான் எழுதியிருந்தார். வளர்ப்புப் பிராணி ஐந்து கிலோவுக்கு மிகக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்க முடியாத நாய் ஐந்து கிலோவுக்குள் எப்படி இருக்க முடியும் என்று அவர் கணக்குப் போட்டார், பல்செட்டக்காவுக்கு நோட்டீஸ் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் சொந்த மேடைத் தராசைத் துடைத்து எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்துசேர்ந்தார்.

அங்கே வந்த பிறகுதான் அவருடைய அனுபவம் அவரைக் கவிழ்த்தது. நாயை நிறுக்க வேண்டுமானால் முதலில் நாயைத் தூக்கித் தராசில் வைக்க வேண்டும். தூக்க முடிந்தால் புகாரே இல்லை. ஆறு பேர் முயன்றார்கள். தராசைப் பக்கவாட்டில் சரித்து நாய்க்கு அடியில் செருகப் பார்த்தார்கள். ஒரு காகிதம்கூட நுழையவில்லை. கடைசியில் செயலாளர் வேர்த்து விறுவிறுத்து, "நீங்களே வைங்கம்மா" என்றார். பல்செட்டக்கா வலது கையில் நாயின் பல் தேய்க்கும் பிரஷ் இருந்ததால் இடது கையால் தூக்கி வைத்தாள். மூன்று கிலோ அறுநூறு கிராம்.

செயலாளர் தராசைச் சந்தேகப்பட்டார். கீழே போய் முத்திரையிட்ட எடைக்கற்களைக் கொண்டுவந்து சோதித்தார், தராசு அணுவளவும் பிசகவில்லை. மூன்று தடவை நிறுத்தார், மூன்று தடவையும் அதேதான். அவர் முகம் செத்துப்போனது. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பு எடை எழுதாத மனிதர், அன்றும் எழுதவில்லை. "விதிப்படி இந்த நாய் இருக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தராசைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார். இன்றைக்கு லிஃப்ட் வாசலை மறித்த நாய் நாளைக்கு யார் வீட்டு வாசலை மறிக்குமோ என்றார். அவசரக் கூட்டம் போட்டு, இனி எந்த எடையிலும் நாய் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். செயலாளர் மட்டும் கை தூக்கவில்லை. பல்செட்டக்கா வீட்டின் சார்பில் கை தூக்கியது அண்ணன். வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் சொன்னார். "எல்லாரும் ஒரு பக்கம் இருக்கும்போது நாம மட்டும் தனியா நிக்க முடியுமா சொல்லு. நாளைக்கு இங்கதான் எல்லார் மூஞ்சியிலயும் முழிக்கணும்." ஒன்பது வயது நாயை யாரும் வளர்க்க எடுக்க மாட்டார்கள். நகராட்சிக் காப்பகத்தில் பத்து நாள் பார்ப்பார்கள், அதற்குள் ஆள் வராவிட்டால் ஊசி. இது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், கை தூக்கிய அத்தனை பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை நாய் வண்டி வந்தது. வலையோடு வந்தவர்கள் மூன்று பேர், போதாமல் கூட்டிவந்தவர்கள் நான்கு பேர், அதுவும் போதாமல் மோட்டார் பட்டறையிலிருந்து செயின் கப்பி. அது எப்படி முடிந்தது என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. கப்பியின் கொக்கி நிமிர்ந்தபோது சீமாட்டி தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கம் மாறிப் படுத்தாள். ஏழு பேரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். அந்தச் சமயத்தில் எல்லோருடைய கண்ணும் பல்செட்டக்காவின் மேல் திரும்பியது. வேலைக்குப் போகாமல் வாசற்படியில் நின்றிருந்தாள். இந்த உலகத்தில் அந்த நாயைத் தூக்கக்கூடிய கை அவளுடையது ஒன்றுதான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவளுக்கும்.

அண்ணன் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "அது உன்கிட்ட மட்டும்தான் வரும். நீயே தூக்கி அந்தக் கூண்டுல வெச்சிடு. அஞ்சு நிமிஷ வேலை."

"கொண்டுபோனா கொன்னுடுவாங்கண்ணா."

"அது நம்ம கையில இல்ல. எவ்வளவோ அட்ஜஸ்ட் பண்ணியிருக்க. இது ஒண்ணு பண்ணிக்கோ."

"மாட்டேன்."

அந்தச் சொல்லைச் சொன்னபோது இடி எதுவும் இடிக்கவில்லை. லிஃப்ட் ஐந்தாம் மாடிக்குப் போய் நின்ற சத்தம் கேட்டது. அண்ணன் சரியாகக் காதில் விழாதவர்போல, "என்ன சொன்ன?" என்றார்.

"மாட்டேன்னு சொன்னேன்" என்றாள். "முன்னறையக் கேட்டீங்க, குடுத்தேன். நடு ரூமக் கேட்டீங்க, குடுத்தேன். வெயில்ல காயற பால்கனியில படுத்துக்கிட்டேன். இவ அந்தச் சூடு தாங்காமத்தான் இங்க வந்து படுக்கறா. இவளையும் நானே தூக்கிக் குடுக்கணுமா? முடியாது." சொல்லிவிட்டு நடந்து போய், சீமாட்டிக்குப் பக்கத்தில் கருங்கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் பார்க்க இப்படி உட்காரலாமா என்று அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர்தான் முன்னால் வந்தார், அவள் அசைந்து கொடுக்கவில்லை. அண்ணி இன்னொரு கையைப் பிடித்தாள். கண்ணாடிக் கடைக்காரர் தோளைப் பிடித்துத் தள்ளப் போய், மலையைத் தள்ளியவர்போலத் தானே பின்னால் போனார். அவள் பல்லைக் கடிக்கவில்லை, தரையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நாயின் காதுக்குப் பின்னால் சிக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நாய் வண்டி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுடைய தலைவர் நேராகிப்போன கொக்கியைக் கையில் வைத்திருந்தார். "சார், எங்க உத்தரவு நாய்க்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அப்போது செயலாளர் மறுபடியும் தராசோடு வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, கீழே செய்தி கேட்டு மனசு பொறுக்காமல் வந்தவர். தராசைத் தரையில் வைத்து, சமன் பார்த்து, ஒதுங்கி நின்றார். "அம்மா, உங்களுக்கு இஷ்டம்னா ஏறலாம். இல்லைன்னா வேண்டாம்" என்றார். அவளை யாரும் இஷ்டமா என்று கேட்டு அவளுக்கே நினைவில்லை. சற்று யோசித்தாள். பிறகு சீமாட்டியை எடுத்து மடியில் வைப்பதுபோல் அணைத்துக்கொண்டு எழுந்து தராசில் ஏறி நின்றாள். செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து அம்பத்தேழு கிலோ அறுநூறு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "சாதாரண எடை. இதத் தூக்க முடியலன்னா தப்பு தராசுல இல்ல." கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மதியம் அவள் பால்கனியிலிருந்த கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு வந்து முன்னறையில் ஜன்னலுக்கு அருகில் போட்டாள். மறுமுனையைப் பிடிக்க யாரையும் கூப்பிடவில்லை. சாயங்காலம் அண்ணன் அந்தக் கட்டிலை நகர்த்திப் பார்த்தார் என்றும், பிறகு பையனின் புத்தகங்களை நடு அறைக்கு எடுத்துப் போனார் என்றும் அண்ணியே பின்னால் சொல்லியிருக்கிறாள். தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, அதன்படி அந்தக் கட்டடத்தில் நாய் கிடையாது. சீமாட்டி இருக்கிறாள். முன்னறையில் இப்போது நல்ல காற்று வருகிறது, இருந்தாலும் மதிய நேரத்தில் அவள் லிஃப்டுக்கு முன்னால்தான் படுப்பாள், பிடித்த இடம் பிடித்த இடம்தான். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்களும் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர்களும் முதலில் அவளைத் தூக்கப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், செயலாளர் தன் கையெழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினார். தூக்க முயல வேண்டாம், கேட்டுப் பார்க்கவும் என்று அதில் இருக்கிறது. மரியாதையாகக் கேட்டால் சீமாட்டி பெரும்பாலும் எழுந்து வழி விடுகிறாள். தோன்றாத நாளில் விடுவதில்லை, அன்றைக்கு எல்லோரும் படியேறுகிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் நகரத்தின் மறுபக்கத்தில் வேறு வீடு வாங்கிக் குடும்பத்தோடு போனார். இந்தப் பழைய வீட்டை விற்றுவிட்டால் நல்லது என்று அவருக்கு இன்னமும் ஆசை. வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருகிறார். மூன்றாம் மாடியில் சீமாட்டி படுத்திருந்தால், குனிந்து வழி கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். தங்கை போட்டுக் கொடுக்கும் காபியைக் குடிக்கிறார், நாயின் கண்ணுக்கு மருந்து விடும்போது கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார், சீமாட்டிக்கு இப்போது வயது பதின்மூன்று, இடது கண் மங்கிவிட்டது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்டக் குடுத்துடலாமாம்மா?" என்று கேட்கிறார். கேட்க மட்டும்தான் செய்கிறார். பல்செட்டக்கா ஒவ்வொரு வருடமும் உண்மையாகவே யோசித்துப் பார்க்கிறாள். பிறகு, "மாட்டேண்ணா" என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு, அண்ணன் நாயைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போகிறார்.